உன் கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஒழுங்கை

பிள்ளை,

பந்தலுக்குக் கமுகு வெட்ட ஆட்கள் போய்விட்டார்கள். உன் அம்மா அடுப்படியில் பலகாரம் சுட வந்த பெண்களோடு நிற்கிறாள். நான் எதைக் கேட்டாலும் "பிறகு, பிறகு" என்கிறாள். கலியாண வீட்டில் தகப்பனுக்கு உள்ள வேலை, மற்றவர்கள் போகிற வழியில் நிற்காமல் இருப்பதுதான் என்று இப்போது விளங்குகிறது. ஆகவே கடைக்கு வந்து, புடவைக் கட்டுகளுக்கு நடுவில் மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு, பத்து வருசமாக உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை எழுதத் தொடங்குகிறேன். நேரே சொல்லலாமே என்பாய். நேரே சொன்னால், "அதுக்கென்ன அப்பு, விடுங்கோ" என்று சொல்லிவிட்டு நீ எழும்பிப் போய்விடுவாய். உன்னை எனக்குத் தெரியும். கடிதம் என்றால் முடியும் வரை இருந்து படிப்பாய்.

விசயம் ஓர் ஒழுங்கையைப் பற்றியது. பட்டினத்தில் நான் வாங்கிய பழைய புகையிலைக் கிட்டங்கிக் காணியை ஒன்பது வீட்டு வளவுகளாகப் பிரித்து, நடுவால் ஆட்கள் நடந்து போக விட்டிருக்கிற ஒழுங்கை. அது கிழக்கே வெளியேறுகிற கடைசித் துண்டு, உனக்குச் சீதனமாக எழுதிய வளவுக்குள்ளால் போகிறது. அந்தத் துண்டு திறந்து கிடப்பதா, அடைபடுவதா என்பது இன்றைக்கு உன் கையில் இருக்கிறது. உன் கலியாண எழுத்து, அதாவது பதிவு, நடக்கும் நாள் வரைக்கும் உன் கையில் மட்டும் இருக்கும். ஏன் அப்படி என்று பின்னால் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை அச்சடித்து மற்ற எட்டு வளவுக்காரருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுக்கவும் எண்ணியிருக்கிறேன். தாங்கள் குடியிருக்கிற, இனிக் குடிவரப் போகிற இடம் ஏன் இப்படி அமைந்தது என்று அவர்களும் அறிய வேண்டும். ஆனால் முதலில் நீ படி. நீ ஓம் என்றால்தான் இது அச்சுக்கூடத்துக்குப் போகும்.

நான் காலால் பிழைத்தவன். பட்டினத்தில் கடை போடுவதற்கு முன் பதினான்கு வருசம் புடவை மூட்டையைத் தலையில் வைத்து ஊர் ஊராக நடந்தேன். அளவெட்டியில் விடிந்தால் தெல்லிப்பழையில் மத்தியானம்; அடுத்த நாள் நெல்லியடிச் சந்தை. எந்த ஊரில் எந்த ஒழுங்கை எந்தக் கிணற்றடிக்குப் போகும் என்பது எனக்குப் பாடம். ஆட்கள் வாசல் படலையில் நின்று கதைக்கிற ஒழுங்கையில் துணி விற்கும். இரண்டு பக்கமும் வேலி ஆளுயரத்துக்கு மேல் எழும்பி, மனித முகமே தெரியாத ஒழுங்கையில் நாய் மட்டும்தான் வரவேற்கும். நிழல் உள்ள வழியில் பெண்கள் மெல்ல நடப்பார்கள். மெல்ல நடக்கிறவர்கள்தான் மூட்டையை அவிழ்க்கச் சொல்லுவார்கள். பாரத்தை இறக்கி வைக்க ஒரு சுமைதாங்கிக் கல் இருந்துவிட்டால் அந்த இடத்தில் அரை நாள் வியாபாரம் நடக்கும். இதெல்லாம் ஒருவரும் சொல்லித் தந்ததில்லை; பாதத்தால் ஏறினது. இவ்வளவும் தெரிந்தவன்தான் நான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இனி எழுதுவதைப் படி. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

நாங்கள் இப்போது இருக்கிற புளியடி வளவை நான் வாங்கியபோது நீ நடை பழகிக்கொண்டிருந்தாய். தெற்குப் பக்கத்தில் ஓர் ஒழுங்கை ஓடியது உனக்கு நினைவிருக்கும். மேற்கே பெரிய தெருவில் தொடங்கிக் கிழக்கே கோயில் வீதியிலும் உன் பள்ளிக்கூடத்திலும் போய் முடிந்தது. ஒரு மாட்டுவண்டி தாராளமாகப் போகிற அகலம். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும்: வருசத்துக்கொரு முறை உக்கின ஓலையைப் பிரித்துப் புது ஓலை வைத்து வேலி அடைப்போம். வேலிக்கம்பாக நட்ட கதியால் செத்துப்போனால் பிடுங்கிப் புதுக் கதியால் நடுவோம். பிடுங்கின குழியிலேயே நடுவதில்லை. ஒரு சாண் தள்ளி நடுவோம். எல்லாரும் செய்வார்கள், ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். முதல் வருசம் நான் ஒரு சாண் தள்ளினேன். எதிர் வளவுக்காரர் பார்த்தார், சிரித்தார், அடுத்த கிழமை தானும் ஒரு சாண் தள்ளினார். நான் அவரைக் கேட்கவில்லை, அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு பேரும் நின்றிருப்போம். கேளாத காரணத்தால் வருசா வருசம் ஒருவரையொருவர் பார்த்துத் தள்ளிக்கொண்டு போனோம்.

குருநகரில் இருந்து மீன்கூடையோடு வருகிற பிலோமினாக்கா அந்த ஒழுங்கையால்தான் கிழக்குப் பக்கத்து வீடுகளுக்குப் போவாள். ஒருநாள் நான் படலையில் நிற்கக் கூடையை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்ன முதலாளி, உங்கடை வேலிக்குக் கால் முளைச்சிட்டுதாமே! வருசத்துக்கு ஒரு எட்டு வைக்குதாம். நான் மெலிஞ்சால்தான் இனி இதாலை போகலாம் போலை கிடக்கு."

"நீ எங்கை மெலியப் போறாய், பிலோமினா? கூடையைச் சின்னனாக்கு."

"கூடையைச் சின்னனாக்கினால் வயிறையும் சின்னனாக்க வேணுமெல்லோ?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நானும் சிரித்தேன். அடுத்த வேலி அடைப்பில் இன்னொரு சாண் தள்ளினேன். கூடை போகாத அகலமானதும் அவள் வருவது நின்றது. சைக்கிள்காரர் நின்றார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிவந்ததும் பெண்கள் நின்றார்கள். கால் படாத நிலத்தில் காஞ்சோன்றிச் செடி முளைத்தது. அப்போது நான் எதிர் வளவுக்காரரிடம் போய், "ஆர் இப்ப இதாலை போகினம்? அடைச்சு விடுவமே?" என்று கேட்டேன். ஒழுங்கையை ஒடுக்கினவன் நான். ஆளில்லை என்று சாட்சி சொன்னவனும் நான். இரண்டு முனையிலும் கதியால் போட்டு, பாதிப் பாதியாகப் பிரித்து, என் பங்கைப் பக்கத்து வெறுங்காணியோடு சேர்த்து ஒரு வீட்டுத் துண்டாக விற்றேன். கெட்டித்தனம் என்று அன்றைக்கு நினைத்தேன். சந்தையில் இரண்டு மூன்று பேர் அப்படிச் சொல்லவும் செய்தார்கள்.

அப்போது உனக்குப் பதினொரு வயது. அடுத்த நாளில் இருந்து நீ பெரிய தெருவால் சுற்றிப் பள்ளிக்கூடம் போனாய். தெருவோரத்தில் நடக்க இடமில்லை. ஒரு பக்கம் லொறியும் பஸ்சும், மறுபக்கம் மூடாத வெள்ளவாய்க்கால். ஒரு மாரிக்காலத்துக் காலையில் மாட்டுவண்டியை முந்த வந்த பஸ்சுக்கு ஒதுங்கி நீ வாய்க்காலுக்குள் விழுந்தாய். சிலேட்டு உடைந்தது, முழங்காலில் இன்றைக்கும் அந்தத் தழும்பு இருக்கிறது. உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தவள் பிலோமினாக்கா. அன்றைக்கு அவள் பகிடி ஒன்றும் விடவில்லை. உன்னை இறக்கி விட்டுவிட்டு, அடைபட்ட ஒழுங்கை இருந்த பக்கத்தை ஒரு முறை பார்த்தாள். போய்விட்டாள்.

இனித்தான் உனக்குத் தெரியாதது வருகிறது. பள்ளிக்கூடம் போகாமல் உன்னை மறித்தது அம்மா என்று பத்து வருசமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். "பெரியபிள்ளை ஆகப் போற வயது, தாய் நிப்பாட்டிப் போட்டா" என்று சனத்துக்குச் சொன்னவன் நான். நடந்தது இது. நீ விழுந்த அன்றிரவு, நீ படுத்த பிறகு அம்மா சொன்னாள்:

"நான் விடிய ஒருக்கால் கூட்டிக்கொண்டு போய் விடுறன். மத்தியானம் போய்க் கூட்டிக்கொண்டு வாறன். எனக்கென்ன கால் இல்லையோ?"

"கடை முதலாளின்ரை பெண்சாதி லொறிக்காரருக்கு முன்னாலை பெரிய தெருவாலை நடக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"அப்ப பிள்ளை?"

"பிள்ளை அஞ்சாம் வகுப்பு முடிச்சிட்டாள். காணும்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "ஒழுங்கையை வித்தியள். இப்ப பிள்ளையின்ரை படிப்பையும் அதோடை சேர்த்து வித்துப்போட்டியள்" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு ஒருவரிடமும் அவள் உண்மையைச் சொல்லவில்லை. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டபோதும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் நீ என்னிடம் வந்து கேட்டாய்: "அப்பு, ஒழுங்கையைத் திருப்பித் திறக்கேலாதோ?" "அது வித்துப்போச்சு, பிள்ளை" என்றேன். நீ தலையாட்டிவிட்டு உள்ளே போனாய். பிறகு அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. பழைய பத்திரிகைகளைக் கடையில் இருந்து கொண்டுவரச் சொல்லி, விறாந்தையில் இருந்து ஒரு வரி விடாமல் வாசிப்பாய். நீ சத்தமாக வாசிக்கும்போதெல்லாம் நான் எழும்பிக் கடைக்குப் போய்விடுவேன். வேலை இருந்து போகவில்லை.

இதை எழுதி அழுவதற்கு நான் உட்காரவில்லை. பிழை விட்டவன் அதைத் திருத்துகிற வழியைப் பார்க்க வேண்டும். இரண்டு வருசத்துக்கு முன் கிட்டங்கிக் காணி விலைக்கு வந்தது. புளியடியில் நான் விற்ற ஒழுங்கையைத் திருப்பி வாங்க முடியாது. அதில் இப்போது ஒரு குடும்பம் வீடு கட்டி இருக்கிறது. ஆனால் இந்தக் காணியும் அதே பெரிய தெருவில் தொடங்கி, அதே கோயில் வீதியில், பள்ளிக்கூடத்துக்கு இன்னும் கிட்டவாகப் போய் முடிகிறது. கண்டதும் வாங்கினேன். வாங்கின கையோடு, இருந்த வேலியை எல்லாம் பிடுங்கினேன். சந்தையில் என்னைப் பற்றி வேறு விதமாகக் கதைக்கத் தொடங்கினார்கள்.

ஒரு மாரி முழுக்கக் காணியைத் திறந்தபடி போட்டேன். சனம் எந்தப் பக்கத்தால் நடக்கிறது என்று பார்க்க வேண்டும். மழை விட்டபோது புல்லுக்கு நடுவில் ஒரு தடம் தெளிவாக விழுந்திருந்தது: மேற்கே வேம்படியில் தொடங்கி, நல்ல தண்ணீர்க் கிணற்றடியில் ஒரு வளைவு வளைந்து, கிழக்கே பள்ளிக்கூடப் படலைக்கு நேரே. கிணற்றடியில் ஏன் வளைந்தது என்றால், அங்கே நிழல் இருந்தது. காணி அளக்க வந்த சேவையருக்கு அந்தத் தடத்தைக் காட்டி, இதன் மேல்தான் ஒழுங்கை வரவேண்டும் என்றேன். அவர் கொழும்பில் படித்துவிட்டு வந்த இளந்தாரி. நூல் பிடித்தது போல நேராகக் கீறி வைத்திருந்தார்.

"ஐயா, மாடு போன தடத்தை எல்லாம் றோட்டெண்டு கீறச் சொல்லுறியளோ?"

"மாடில்லைத் தம்பி, மனிசர். ஒரு மாரி முழுக்க நடந்து கையெழுத்து வைச்சிருக்கினம், பாரும்."

"நேராய் விட்டால் பத்தாவது துண்டு ஒண்டு வருமே, ஐயா. விட்டுப்போட்டுப் பிறகு கவலைப்படாதையுங்கோ."

"அந்தப் பத்தாவது துண்டை நான் ஒருக்கால் வித்திட்டன், தம்பி."

அவருக்கு விளங்கவில்லை. ஆனால் கீறித் தந்தார்.

அகலம் எவ்வளவு என்று அவர் புத்தகத்தைப் பார்த்தார். நான் ஆட்களைப் பார்த்தேன். கடையில் இருந்து நாலு பேரைக் கூப்பிட்டு ஒரு கட்டிலைத் தூக்கி வரச் சொல்லி, எதிர்ப்பக்கத்தால் பிலோமினாக்காவைக் கூடையோடு வரச் சொன்னேன். நோயாளியைத் தூக்கி வரும்போது கூடைக்காரி ஒதுங்கி நிற்காமல் போக வேண்டும்; அதுதான் கணக்கு. அவள் நடந்து வந்து, "கட்டிலிலை ஆர், முதலாளியோ? வெறுங்கட்டிலுக்கு நான் வழி விடமாட்டன்" என்றாள். மூன்று முறை நடந்தாள். மூன்றாம் முறை கூடை கட்டிலில் முட்டவில்லை. அந்த இடத்தில் இரண்டு பக்கமும் கல் வைத்தேன். அவளுக்கு என் மேல் இருந்த கோபம் அன்றைக்கு ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் போகும்போது, "உந்தக் கல்லுக்கும் கால் முளைக்காமல் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்காகத்தான் ஒழுங்கைப் பக்கம் ஒருவருக்கும் வேலி இல்லை என்று வைத்தேன். முருகைக்கல்லில் மதில். வேலி நடக்கும், மதில் நடக்காது. அதுவும் நெஞ்சளவு உயரத்துக்கு மேல் இல்லை. உள்ளே இருப்பவர்கள் ஒழுங்கையைப் பார்க்க வேண்டும், ஒழுங்கையில் போகிறவர்களுக்கு உள்ளே ஆள் இருப்பது தெரிய வேண்டும். ஒன்பது வீட்டுப் படலையும் ஒழுங்கையைப் பார்த்தபடி. "மறைப்பில்லாமல் எப்பிடி இருக்கிறது?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். முன்னுக்கு விறாந்தை, மறைப்பு வேண்டுமானால் பின்னுக்கு வேலி என்றேன். ஒருவர் வாங்காமல் போனார். வாங்கினவர்களில் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார், தன் மதிலை இன்னும் ஒரு கல் குறைத்துப் பதிவாகக் கட்டச் சொல்லிக் கேட்டார், தாயார் விறாந்தையில் இருந்தபடியே ஆட்களைப் பார்த்துக் கதைக்க வேண்டுமாம். மேற்கு முனையில் வேம்படியைச் சுற்றிப் பெரிய வெளி விட்டிருக்கிறேன். வண்டி, கார் எல்லாம் அங்கே நிற்கும். அதற்கு இந்தப் பக்கம், ஒழுங்கை தொடங்குகிற இடத்தில், இரண்டு கல்தூண். கட்டில் வரும், கலியாண ஊர்வலம் மேளத்தோடு வரும், கார் வராது. நடு முதுகை உயர்த்தி, மழைத் தண்ணீர் போகும் வாய்க்காலைக் கல்லால் மூடியிருக்கிறேன். அதை ஏன் மூடினேன் என்று உன் முழங்காலுக்குத் தெரியும். கிணற்றடி வளைவில் ஒரு சுமைதாங்கி நட்டிருக்கிறேன். அது என் பழைய தலைமூட்டைக்கு.

இவ்வளவும் சரியாக வந்துகொண்டிருக்கையில்தான் உன் மாமனாராகப் போகிறவரும் மாமியும் நெல்லியடியில் இருந்து வீடு பார்க்க வந்தார்கள். நீ அன்றைக்குப் பெரியம்மா வீட்டில் நின்றாய். அவர் நல்ல மனிதர். அவர் முகத்துக்கு நேரே சொல்லாத ஒன்றையும் நான் இங்கே எழுதவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"வீடு திறம், சம்பந்தி. கார் எங்கை வரும்?"

"வேம்படியிலை நிக்கும்."

"அங்கையிருந்து?"

"நடக்கிறது."

"ஆர் நடக்கிறது?"

"காரிலை வந்தவைதான்."

மாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டா. அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "கண்டவன் நிண்டவன் எல்லாம் என்ரை மருமோளின்ரை வாசலாலை போறதோ? சனம் என்ன சொல்லும்? கிழக்காலை அடைச்சுப்போட்டு, மேற்காலை கார் வாறமாதிரி அகட்டி விடுங்கோ. இல்லாட்டி எங்களுக்கு இது சரிவராது" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் குரலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். பத்து வருசத்துக்கு முன் என் வாயில் இருந்து வந்த அதே கதை, அதே 'சனம் என்ன சொல்லும்'. "கோயிலிலை பூசைக்கு நேரமாகுது, நடந்து போட்டு வருவம்" என்று கூட்டிக்கொண்டு போனேன். போகும்போது வேண்டுமென்றே பெரிய தெருவால் கூட்டிப் போனேன். பாதி வழியில் ஒரு பஸ் வந்து, முதல்நாள் மழையில் நின்ற தண்ணீரை எல்லாம் அவருடைய பட்டு வேட்டியில் அள்ளி இறைத்தது. அவர் வாய்க்கால் கரையில் ஒற்றைக் காலில் நின்றார். நான் சிரிக்கவில்லை. சிரித்தவ மாமி.

பூசை முடிந்து திரும்பும்போது ஒழுங்கையால் வந்தோம். மாமி எங்களுக்கு முன்னே தனியாக நடந்தா. கிணற்றடியில் வாத்தியாரின் தாயார் மதிலுக்கு மேலால் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தா. இரண்டு பேரும் பத்து வருசம் பழகினவர்கள் போலக் கதைத்துக்கொண்டு நின்றார்கள். அவர் அவசரப்படுத்தினார். மாமி செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னா:

"இஞ்சேருங்கோ, கலியாணம் கட்டி முப்பது வருசம், உங்களை நம்பாமல் நான் ஒரு கோயிலுக்குப் போனதில்லை. காருக்குக் காத்து, வண்டிக்குக் காத்து, உங்களுக்குக் காத்து. இண்டைக்குத்தான் என்ரை காலாலை போய் வந்திருக்கிறன். கார் உங்களுக்கு. இது எனக்கு. இதை அடைச்சியள் எண்டால் மருமோள் வீட்டை நான் வரமாட்டன்."

அவர் வேம்படிப் பக்கம் நடந்தார். காரில் ஏறும்போது என்னைத் தனியே அழைத்து, "சரி சம்பந்தி, இப்போதைக்கு இருக்கட்டும். ஆனால் காணி உறுதியிலை ஒண்டும் எழுதிப் போடாதையுங்கோ. கலியாணம் முடியப் பாப்பம்" என்றார். "காணி பிள்ளையின்ரை பேருக்கு எழுதியாச்சு, சம்பந்தி. எழுதிறதும் விடுறதும் இனி அவளின்ரை விருப்பம். நீங்கள் சொன்னதையும் அவளுக்குச் சொல்லுவன்" என்றேன். சொல்லிவிட்டேன்.

இப்போது, காணி உறுதிப் பத்திரங்களை எழுதுகிற நொத்தாரிசு சொன்னதைக் கேள். மற்ற எட்டு உறுதியிலும் அவரவர் துண்டுக்குள்ளால் போகிற ஒழுங்கை என்றைக்கும் திறந்திருக்கும் என்று எழுதியாகிவிட்டது. உன் துண்டு ஒன்றுதான் மிச்சம். அது அடைபட்டால் ஒழுங்கை முட்டுச்சந்து. எட்டு வீட்டுப் பிள்ளைகளும் பெரிய தெருவால்தான் போக வேண்டும். கலியாண எழுத்துக்குப் பிறகு உன் காணியில் நீ எதை எழுதிக் கொடுப்பதானாலும் புருசனின் சம்மதமும் வேண்டும். அதற்கு முன் என்றால் இருபத்தொரு வயது நிறைந்த உன் கையெழுத்து மட்டும் போதும். மாப்பிள்ளை கொழும்பில் இருந்து எழுதிய கடிதத்தில், ஒழுங்கை விசயத்தில் உன் எண்ணம் எதுவோ அதுவே தன் எண்ணம் என்று ஒரு வரி இருக்கிறது. நல்ல வரி. நான் நல்ல வரியை நம்புகிறவன்தான். ஆனாலும் வியாபாரி, உறுதியில் இருந்தால் இன்னும் நன்றாக நித்திரை வரும்.

சீதன உறுதியை எழுதும்போதே இந்த வழி உரிமையையும் சேர்த்து நானே எழுதியிருக்கலாம். நொத்தாரிசு அப்படித்தான் சொன்னார், "ஒரு வரி, இப்பவே முடிச்சுப்போடுவம்" என்றார். வேண்டாம் என்றேன். ஒருமுறை உன் வழியை உன்னைக் கேளாமல் அடைத்தவன் நான். இன்னொரு முறை உன்னைக் கேளாமல் திறந்தால் அதுவும் அதே வேலைதான். அடைத்து வைப்பதில் உனக்குச் சுகமும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன்: மேற்கே கல்தூணை எடுத்தால் வாசலுக்குக் கார் வரும், மாமனார் மனம் குளிரும், மீன்காரியின் சத்தமும் பள்ளிப் பிள்ளைகளின் கூச்சலும் இல்லாமல் வீடு அமைதியாக இருக்கும். திறந்து விட்டால் அந்தக் கூச்சல் நாளுக்கு இரண்டு முறை உன் விறாந்தையைக் கடந்து போகும். என்னைக் கேட்டால் எழுது என்பேன். ஆனால் நீ என்னைக் கேட்க வேண்டியதில்லை. பதினொரு வயதில் கேட்டாய், நான் சொன்ன மறுமொழி உனக்குத் தெரியும்.

நாளை மறுநாள் காலையில் நொத்தாரிசு வீட்டுக்கு வருவார். அந்த ஒரு வரி எழுதின கடதாசியோடு வருவார். நான் அங்கே நிற்க மாட்டேன், கடையில் இருப்பேன். அம்மா உன் பக்கத்தில் இருப்பாள். கையெழுத்து வைத்தாலும் வைக்காவிட்டாலும், அவள் உன்னை மறித்ததில்லை என்று இப்போது உனக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு அவளோடு பத்து நிமிசம் இருந்து கதை. பலகாரம் கருகினால் கருகட்டும். இந்தக் கடிதத்தை நீ எனக்குத் திருப்பித் தரவும் வேண்டாம், இதைப் பற்றி என்னோடு கதைக்கவும் வேண்டாம். 'அதுக்கென்ன அப்பு' என்று மட்டும் சொல்லிவிடாதே.

நேற்றுப் பின்னேரம் கூலியாட்கள் போன பிறகு, உன் புது வீட்டு வாசலில் இருந்து பள்ளிக்கூடப் படலை வரை தனியாக நடந்து பார்த்தேன். ஒரு வண்டிக்கும் ஒதுங்கவில்லை. என் காலுக்கு முந்நூற்றுப் பத்து அடி வந்தது. உன் காலுக்கு எத்தனை என்று எனக்குத் தெரியாது. அதை நீதான் நடந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

உன் அப்பு